தகட்டின் கனம்

சுடர்விழியின் லேத் பட்டறையும் அவள் கணவன் பரிதியின் வண்டிப் பட்டறையும் குத்தாலத்திலிருந்து மயிலாடுதுறை போகும் சாலையில் ஒரே கூரையின் கீழ் இருந்தன. நடுவில் சுவர் கிடையாது. பவர் டில்லர், டிராக்டர், லோடு ஆட்டோ என்று எது வந்தாலும் பரிதி பிரிப்பான். தேய்ந்து போனதையும் கடையில் கிடைக்காததையும் சுடர்விழி கடைந்து கொடுப்பாள். அவள் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்துவிட்டு நாகப்பட்டினத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலைக்கு இருந்தாள். அவன் அங்கே துறைமுகத்தில் விசைப்படகு இன்ஜின்களில் தொழில் பழகிக்கொண்டிருந்தான். கல்யாணத்துக்கு முன்னால் அவர்கள் பேசியதில் பெரும்பாலானது இன்ஜினைப் பற்றித்தான். மற்ற பெண்களை அவரவர் கணவன் என்ன சொல்லி மயக்கினான் என்று சுடர்விழிக்குத் தெரியாது. அவளை மயக்கியது ஒரு கேள்வி. உடைந்த பல்சக்கரம் ஒன்றை அவள் கையில் வைத்து, "இது ஏன் ஒடஞ்சுதுன்னு நீங்க நெனைக்கறீங்க?" என்று அவன் கேட்டான். அதுவரை பட்டறைக்கு வந்த யாரும் அவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்டதில்லை.

போன சித்திரையில் ஒரு பழைய பெட்ரோல் ஜீப்பை டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவள் ப்ரியம்வதா. பக்கத்துக் கிராமத்தில் ஒரு காலத்தில் பெரும் நிலம் வைத்திருந்த குடும்பத்தின் பெண். நிலத்தில் பெரும்பகுதி கைமாறி, குடும்பம் சென்னைக்குப் போய் ஒரு தலைமுறை ஆகிவிட்டது. அங்கே ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் டிசைன் பிரிவில் அவளுக்கு வேலை. அம்மா ஆனந்தத்துக்குப் பக்கவாதம் வந்து, ஊர் வீட்டில்தான் இருப்பேன் என்று பிடிவாதம் பிடித்ததால், வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு அம்மாவோடு வந்திருந்தாள்.

"கார்ல அம்மாவக் குனிய வெச்சு ஏத்த முடியல" என்றாள். "இந்த சீட் வீல்சேர் உயரத்துக்கு சரியா இருக்கு. இன்ஜின் பிளாக்ல விரிசல். டீசல் இன்ஜினா போட்டுடலாம்னு இருக்கேன். மெக்கானிக் யாரு?"

"நான்தான். பரிதி."

"பரிதி, கியர்பாக்ஸ் பழசையே வெச்சுக்கலாமா?"

அந்த நிமிஷத்திலிருந்து அவள் அவனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டாள். வாடிக்கையாளர்கள் அவனை அண்ணே என்பார்கள், வயதானவர்கள் தம்பி என்பார்கள். சுடர்விழியே நாலு பேர் முன்னால் அவன் பெயரைச் சொன்னதில்லை. சுடர்விழியை மட்டும் ப்ரியம்வதா அக்கா என்றாள். வயதில் ப்ரியம்வதாதான் மூத்தவளாக இருப்பாள் என்று சுடர்விழிக்குத் தோன்றியது.

வாசலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த பரிதியின் அப்பா தங்கையன் எழுந்து நின்றுவிட்டார். அந்தக் குடும்பத்து வயலில் நாற்று பறித்து வளர்ந்தவர் அவர். பிற்பாடு அவர்கள் விற்றதில் ஒரு துண்டு நிலத்தை வாங்கி இன்றுவரை குறுவையும் சம்பாவும் போடுகிறார். "உக்காருங்கய்யா" என்று ப்ரியம்வதா சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டுதான் இருந்தார். பரிதியோ அதற்குள் ஜீப்புக்கு அடியில் படுத்து, அங்கிருந்தே பேச ஆரம்பித்திருந்தான்.

"கியர்பாக்ஸ வெச்சுக்கலாம். ஆனா ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகணும். டீசலுக்கு இழுவை ஜாஸ்தி, சுத்து கம்மி."

"பின் ஆக்சில்லயும் பல்சக்கரத்தோட பல் கணக்க மாத்தணும். இல்லன்னா நாப்பது கிலோமீட்டர் வேகத்துலயே இன்ஜின் கத்தும்" என்றாள் ப்ரியம்வதா.

பரிதி அடியிலிருந்து தலையை நீட்டி அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையைச் சுடர்விழிக்குத் தெரியும். நாகப்பட்டினத்தில் அது அவள்மீது விழுந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் தங்கையன் மருமகளிடம் பெருமையாகச் சொன்னார்: "அவங்க தாத்தா எதிர்க்க நான் வாயத் தொறந்ததில்ல ஆயி. இவன் சமமா இன்ஜின் பேசறான் பாத்தியா?"

"பேசட்டும் மாமா" என்றாள் சுடர்விழி.

பேசினார்கள். செங்கல் சூளையில் ஓடிய ஒரு பழைய வேனிலிருந்து டீசல் இன்ஜின் வந்து இறங்கியது. ப்ரியம்வதா கம்பெனி வேலை முடிந்ததும் பட்டறைக்கு வந்துவிடுவாள். அவள் வரும் நேரம் நெருங்கினால் பரிதி சோப்புத் தூள் போட்டு முழங்கை வரை கை கழுவினான். வீட்டுக்குச் சாப்பிட வரும்போதுகூட அவன் நகத்தில் கிரீஸ் இருக்கும். சுடர்விழி அதைக் குறையாக நினைத்ததில்லை. இப்போது அவன் கழுவிய கைகளைப் பார்க்காமல் அவள் லேத்தின் பக்கம் திரும்பிக்கொள்வாள். மத்தியானச் சாப்பாட்டில் அன்றைய வேலையைப் பற்றிப் பேசுவது அவர்கள் வழக்கம். இப்போது தட்டுக்குப் பக்கத்தில் செல்போன் நின்றது. ப்ரியம்வதா ஏதாவது குரல்பதிவு அனுப்பியிருப்பாள். அவன் ஒரு கவளத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்பான்.

தவறாக அவர்களுக்குள் ஒன்றுமில்லை என்று சுடர்விழிக்கு நன்றாகத் தெரியும். ஏதாவது இருந்தால் சண்டை போடலாம், அம்மா வீட்டுக்குப் போகலாம், நாலு பேரைக் கூப்பிட்டு நியாயம் கேட்கலாம். பல் கணக்கைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

இன்ஜின் ஒரு கம்பெனி, கியர்பாக்ஸ் வேறு கம்பெனி. இரண்டின் போல்ட் துளைகளும் ஒன்றோடொன்று சேராது. நடுவில் ஒரு கனமான இரும்புத் தகடு வர வேண்டும். அதை வெட்டுவது சுடர்விழியின் வேலை. எப்போதும் அவளே அளந்து, அவளே சாக்பீஸால் தரையில் படம் போட்டு, வெட்டுவாள். இந்த முறை பரிதி அளந்தான், ப்ரியம்வதா கம்ப்யூட்டரில் படம் போட்டு அச்செடுத்துக்கொண்டு வந்தாள்.

"பாரு சுடர், எவ்வளவு சுத்தமா போட்டிருக்காங்க" என்று பரிதி அந்தத் தாளை அவளிடம் நீட்டினான்.

"ம். நல்லா இருக்கு."

பிறகு பழைய கியர்பாக்ஸைக் கழுவித் துடைத்துப் பார்த்தபோது அதன் கூட்டிலேயே விரிசல் இருந்தது. தஞ்சாவூரில் பழைய சாமான் வியாபாரம் செய்யும் நௌஷாத் பாயிடம் அதே மாதிரி ஒன்று இருப்பதாகத் தெரிந்தது. ப்ரியம்வதாவின் காரில் அவளும் பரிதியும் காலையில் போய் எடுத்துக்கொண்டு பிற்பகலில் திரும்பினார்கள்.

"வர வழியில கும்பகோணத்துல காபி குடிச்சோம்" என்றான் பரிதி.

அவன் காபி குடிப்பவன் இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வீட்டில் அவனுக்கு டீதான்.

"நல்லா இருந்துச்சா?"

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றான் அவன், ஒன்றும் தெரியாமல்.

தஞ்சாவூரிலிருந்து வந்த கியர்பாக்ஸைச் சுடர்விழியின் மேஜைமேல் தூக்கி வைத்துவிட்டு அவன் ஜீப்பின் பிரேக் வேலைக்குப் போனான். துளைகளைச் சரிபார்க்க அவளுக்கு அது வேண்டியிருந்தது. ஆனால் தகட்டில் துளைகளைவிட முக்கியம் அதன் கனம். கியர்பாக்ஸிலிருந்து முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டின் நுனி, இன்ஜினின் பின்முகத்தின் நடுவில் இருக்கும் ஒரு சின்ன பேரிங்குக்குள் போய் உட்கார வேண்டும். தகடு மெலிந்தால் நுனி முட்டும். தடித்தால் பேரிங்குக்குள் சரியாக எட்டாது. ஆதாரம் இல்லாமல் ஆடிக்கொண்டே சுற்றும்.

சுடர்விழி பழக்கத்தில் தண்டை அளந்தாள். படத்தில் எழுதியிருந்ததைவிட அது மூன்று நூல், கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர், குட்டையாக இருந்தது. துடைத்துவிட்டு மறுபடி அளந்தாள். அதே மூன்று நூல். வெளிப்பார்வைக்கு அச்சாகப் பழையதைப் போலவே இருந்தாலும் இது வேறு வருஷத்தில் செய்தது. படம் பழைய கியர்பாக்ஸுக்குப் போட்டது. மாற்று வந்த பிறகு ப்ரியம்வதா படத்தைத் திருத்தவில்லை. இந்தப் படத்தின்படி வெட்டினால் தகடு தடித்துப் போகும். தண்டின் நுனி பேரிங்கின் உதட்டில் தொட்டும் தொடாமலும் நிற்கும்.

முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை அவளே உணர்ந்தாள். பரிதியைக் கூப்பிட்டு, அந்தச் சுத்தமான படத்தையும் இந்தக் குட்டைத் தண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும்.

"ஏங்க" என்றாள்.

பரிதி திரும்பவில்லை. அவனுக்குப் பக்கத்தில் ப்ரியம்வதா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அவன் ஒரு பிரேக் கட்டையை அவள் கையில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்: "இது ஒரு பக்கம் மட்டும் ஏன் இப்படித் தேஞ்சிருக்குன்னு நீங்க நெனைக்கறீங்க?"

சுடர்விழி கையிலிருந்த, அளவு எடுக்கும் வெர்னியரைக் கீழே வைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவன் நிமிர்ந்தான். "என்ன சுடர், கூப்பிட்டியா?"

"ஒண்ணுமில்ல."

அவள் இரும்புத் தகட்டை லேத்தில் மாட்டினாள். படத்தில் என்ன கனம் போட்டிருந்ததோ அதே கனத்துக்குச் சீவினாள். ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவ்வளவு நேர்த்தியாக அவள் எந்த வேலையும் செய்ததில்லை. வண்டி ஓட்டிப் பார்க்கும் முதல் நாளே சத்தம் கேட்கும், பிரித்துப் பார்ப்பார்கள், படம் தப்பென்று தெரியும், ப்ரியம்வதாவின் முகம் சுருங்கும், பரிதி சுடர்விழியின் மேஜைக்குத் திரும்பி வருவான். அவள் நினைத்தது அவ்வளவுதான். அதற்குமேல் அவள் நினைக்க விரும்பவில்லை.

ஜீப் ஓடியது. மேட்டூரிலிருந்து தண்ணீர் வந்து வாய்க்கால்கள் நிறைந்திருந்த ஆனி மாதத்தில் பரிதி அதை ஊரைச் சுற்றி ஓட்டினான். சுடர்விழியையும் கூப்பிட்டான், வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். திரும்பி வந்து நின்றபோது, கிளட்ச்சை மிதிக்கும் நேரத்தில் மட்டும் சன்னமாக ஒரு முனகல் அவளுக்குக் கேட்டது.

"ஏதோ சத்தம் வருதே" என்றாள் ப்ரியம்வதா.

"பேரிங் புதுசு. ஓட ஓட சரியாயிடும்" என்றான் பரிதி. அந்த ஜீப்பின்மேல் அவனுக்கு அவ்வளவு ஆசை வந்திருந்தது. "நீ என்ன சொல்ற சுடர்?"

எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு வேலையைப் பற்றி அவன் அவளைக் கேட்ட முதல் கேள்வி அது. கூட்டத்தில் கடைசியாக ஞாபகம் வந்தவளிடம் கேட்பது போல் இருந்தது.

"நீங்க ரெண்டு பேரும் பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போனது. இன்று சொன்னால் நேற்று ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். முனகல் பெரிதாகவும் இல்லை. ஒருவேளை தன் அளவுதான் தப்போ என்றுகூட நினைத்துப் பார்த்தாள். தப்பில்லை என்று அவளுக்குத் தெரியும்.

ஆடிப் பதினெட்டு அன்று காவிரியைப் பார்க்க வேண்டும் என்றாள் ஆனந்தம். வாய் ஒரு பக்கம் கோணி, பாதி வார்த்தைகள்தான் வெளியே வரும். ஆனாலும் அவள் புதுப் புடவை கட்டிக்கொண்டு காலையிலிருந்தே தயாராக இருந்தாளாம். பரிதி ஓட்டுவதாக ஏற்பாடு. ஜீப் பட்டறை வாசலில் வந்து நின்றது. முன் சீட்டில் ஆனந்தம், தலையில் கொஞ்சம் மல்லிகைப்பூ. பின்னால் ப்ரியம்வதா.

"அக்கா, நீங்களும் வாங்களேன். எடம் இருக்கு."

"ஒரு ஷாஃப்ட் இன்னிக்கே முடிச்சுக் குடுக்கணும்" என்றாள் சுடர்விழி.

ஆனந்தம் வெளியே கையை நீட்டினாள். எதற்கென்று புரியாமல் சுடர்விழி அதைப் பிடித்தாள். எலும்பும் தோலுமான, குளிர்ந்த கை. "நீதான்... தகடு... பண்ணினியாமே" என்று ஆனந்தம் மெல்ல மெல்லச் சொல்லிச் சிரித்தாள்.

அவர்களை இறங்கச் சொல்ல வேண்டும் என்று சுடர்விழி நினைத்தாள். பரிதி கண்ணாடியைத் திருப்பி, பின்னால் இருந்தவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான்.

"கொஞ்சம் மெதுவா போங்க" என்று மட்டும் சுடர்விழி சொன்னாள்.

வாய்க்கால் கரையில் போய்க்கொண்டிருந்தபோது கியர்பாக்ஸுக்குள் ஏதோ நொறுங்கும் சத்தம் கேட்டிருக்கிறது. மறுகணம் பின் சக்கரங்கள் இரண்டும் பூட்டிக்கொண்டன. கிளட்ச்சை மிதித்தும் பயனில்லை. ஈர மண்ணில் ஜீப் பக்கவாட்டில் வழுக்கி, கரையோரத்து மதகுச் சுவரில் மோதிச் சாய்ந்து நின்றது. மதகு இல்லையென்றால் நிறைந்து ஓடிய வாய்க்காலுக்குள் போயிருக்கும். ஆனந்தம் சரிந்து விழாமல் இருக்க பரிதி இடது கையை அவளுக்குக் குறுக்கே நீட்டியிருக்கிறான். மணிக்கட்டு முறிந்தது. ஆனந்தத்துக்கு நெற்றியில் ஒரு வீக்கம். ப்ரியம்வதாவுக்கு முழங்காலில் சிராய்ப்பு.

சுடர்விழியும் தங்கையனும் மயிலாடுதுறை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பரிதிக்கு மாவுக்கட்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். ப்ரியம்வதா வெளியே பெஞ்சில் அம்மாவின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுடர்விழியைப் பார்த்ததும் அவள் கண் கலங்கியது.

"என் தப்புதான் அக்கா. ஏதோ அளவு விட்டுப் போயிருக்கு. படம் நான்தானே போட்டேன்."

சுடர்விழி இந்த வார்த்தையைத்தான் கேட்க விரும்பினாள். கேட்டபோது அது அவளுக்குத் தாங்கவில்லை. உள்ளே போனாள்.

கட்டிலில் இருந்த பரிதி அவளைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "அவங்க என்ன சொல்றாங்க? தன் மேல போட்டுக்கறாங்களா?"

"ஆமா."

"அவங்க தப்பில்ல சுடர். கியர்பாக்ஸ் மாத்தினதும் அவங்க என்கிட்டக் கேட்டாங்க, திருப்பி அளக்கணுமான்னு. நான்தான் ரெண்டும் ஒண்ணுதாங்க, படம் இருக்கட்டும்னு சொன்னேன். அளந்திருக்கணும். சோம்பேறித்தனம் பண்ணிட்டேன்."

சுடர்விழி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவள் ஒளித்து வைத்தது ப்ரியம்வதாவின் தப்பு அல்ல. அவனுடையது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்திருப்பான். அந்தத் தகடு அன்று சாயங்காலமே சரியாகியிருக்கும். இது புரிந்த அதே நேரத்தில், உள்ளே இருப்பவனும் வெளியே இருப்பவளும் ஒருவர் பழியை ஒருவர் எடுத்துக்கொள்ளப் போட்டி போடுகிறார்கள் என்பதும் அவளுக்கு உறைத்தது. அதற்கும் பொறாமைப்பட்டாள். இப்படியும் ஒரு மனசா என்று தன்மேலேயே அருவருப்பு வந்தது.

சில நாள் கழித்து, இழுத்து வந்த ஜீப்பை அவன் சொல்லச் சொல்ல அவள்தான் பிரித்தாள். ஒரு கை மாவுக்கட்டில் இருக்க அவன் முக்காலியில் உட்கார்ந்திருந்தான். கியர்பாக்ஸ் வெளியே வந்ததும், நொறுங்கிய பேரிங்கின் குண்டுகள் தரையில் உருண்டன. தண்டின் நுனி மட்டும் ஒரு கீற்று அளவுக்குப் பளபளத்தது. மீதி இடத்தில் பேரிங் படவே இல்லை.

"மூணு நூலாவது எட்டாம இருந்திருக்கு" என்றான் பரிதி.

"மூணு நூல்தான்."

அவன் அவளைப் பார்த்தான். அவள் கையில் அளவுகோல் எதுவும் இல்லை.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"தகடு வெட்டறதுக்கு முன்னாடியே அளந்தேன்."

அவன் நல்ல கையால் தண்டின் நுனியைத் தடவிப் பார்த்தான். "அளந்துட்டு?"

"அளந்துட்டு, படத்துல இருந்த மாதிரியே வெட்டினேன். அவங்க தப்புன்னு நெனச்சேன். தெரியட்டும்னு விட்டேன்."

"ஆனந்தம்மா ஏறினப்பவும் தெரியும்."

"தெரியும்."

"ஏன் சுடர்?"

அவள் எவ்வளவோ யோசித்து வைத்திருந்தாள். வாயில் வந்தது வேறு. "என்கிட்டக் கேட்டதெல்லாம் அவங்ககிட்டக் கேட்டீங்க."

பரிதிக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. அவன் திட்டவில்லை. முக்காலியிலிருந்து எழுந்து, குனிந்து, உருண்டு கிடந்த குண்டுகளை ஒற்றைக் கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தான். அவள் உதவிக்குக் குனிந்தபோது, "நீ போ" என்றான்.

அதற்குப் பிறகு அவன் வீட்டில் பேசாமல் இல்லை. உப்பு வேண்டும் என்றால் கேட்டான், அப்பாவுக்கு மாத்திரை வாங்கணும் என்று ஞாபகப்படுத்தினான். வேலையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. வந்த வண்டிகளை அவன் வெறுமனே பார்த்து அனுப்பினான். தங்கையனுக்கு விஷயம் தெரியாது. கை வலியில் மகன் சுரத்தில்லாமல் இருப்பதாக நினைத்தார்.

ஒரு நாள் காலையில் சுடர்விழி தானே கிளம்பி ப்ரியம்வதாவின் வீட்டுக்குப் போனாள். கூடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த ப்ரியம்வதா எழுந்து வந்து, "உக்காருங்க அக்கா" என்றாள். சுடர்விழி நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

ப்ரியம்வதாவின் முகத்திலிருந்து மெல்ல மெல்ல நிறம் போயிற்று. உள்ளறையில் அம்மா இருமும் சத்தம் கேட்டது. அவள் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"எங்கம்மா அதுல இருந்தாங்க."

"ஆமா."

"நான் பேசறது பிடிக்கலன்னா என்கிட்டச் சொல்லியிருக்கலாம். நான் பேசாம இருந்திருப்பேன்."

"நீங்க பேசாம இருந்தா பத்தாதுங்க. அவருக்குப் பேசணும்னு தோணாம இருக்கணும். அத யார்கிட்டப் போய்க் கேக்கறது?"

ப்ரியம்வதா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "சென்னையில என் டீம்ல எல்லாரும் இதத்தான் பேசுவோம். இங்க வந்ததுலேர்ந்து டயபர், மாத்திரை, பிசியோதெரபி. அந்தப் பட்டறையில ஒரு மணி நேரம் எனக்கு மூச்சு விடற மாதிரி இருந்தது. அவ்வளவுதான். உங்களுக்கு அது அப்படித் தெரியும்னு எனக்கு ஒரு தடவகூடத் தோணல." அவள் குரல் இறுகியது. "ஆனா இத என்னால மன்னிக்க முடியுமான்னு தெரியல. இப்ப நீங்க போங்க."

சுடர்விழி வந்துவிட்டாள். ஜீப்பை வேறு பட்டறைக்கு இழுத்துப் போவார்கள் என்று எதிர்பார்த்தாள். நடவு முடிந்து வயல்கள் பச்சை பிடிக்கும் வரை அது மூலையிலேயே நின்றது. பிறகு ஒரு நாள் ப்ரியம்வதா வந்தாள். பரிதியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நேராக லேத்துக்கு வந்தாள்.

"அம்மாவுக்கு வண்டி வேணும். மயிலாடுதுறையில கேட்டேன். பிளேட் வெட்ட ஆள் இல்லன்னாங்க, திருச்சிக்குப் போகணும்னாங்க. நீங்களே பண்ணுங்க. அளக்கும்போது நான் கூட இருப்பேன்."

"சரிங்க."

சுடர்விழி தண்டை அளந்து சொன்னாள். ப்ரியம்வதா கையை நீட்டி வெர்னியரை வாங்கி, தானே ஒரு முறை அளந்தாள். பிறகுதான் எழுதினாள். இன்ஜின் பக்கம், பேரிங்கின் ஆழம், தகட்டின் முகம் என்று ஒவ்வொன்றிலும் அப்படித்தான். கடைசியில் பரிதி முக்காலியை விட்டு எழுந்து வந்தான். கட்டுப் பிரித்து மெலிந்திருந்த இடது கையால் தண்டைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் அவனும் அளந்தான். இத்தனை வருஷத்தில் அவள் சொன்ன அளவை அவன் திரும்ப எடுத்ததே இல்லை. அவன் அதை வேண்டுமென்றே செய்யவில்லை. கை தானாகப் போயிற்று. அது அவளுக்குத் தெரிந்தது. ப்ரியம்வதா எத்தனை முறை அளந்தபோதும் வலிக்கவில்லை. இந்த ஒரு முறை வலித்தது.

"சரியாத்தான் இருக்கு" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

புதுத் தகட்டை மாட்டி, இன்ஜினும் கியர்பாக்ஸும் முனகல் இல்லாமல் சேர்ந்து ஓடிய நாளில், தான் இல்லாமல் யாரும் வண்டியில் ஏறக் கூடாது என்று சுடர்விழியே சொன்னாள். ப்ரியம்வதா ஓட்டினாள். பரிதி முன்னால் அவளுக்குப் பக்கத்தில், கியர் சத்தத்தைக் கவனிப்பதற்காக. ஆனந்தம் இந்த முறை முன்னால் உட்கார மறுத்துவிட்டாள். பின்னால் சுடர்விழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முழங்கையை இறுகப் பற்றியிருந்தாள். மகள் அவளிடம் எதையும் சொல்லவில்லை. சொன்னால் இந்தக் கை விலகிவிடும் என்று சுடர்விழி நினைத்துக்கொண்டாள்.

காவிரிக் கரை ஏறியதும் காற்று பலமாக வீசியது. முன்னால் இருவரும் பேச ஆரம்பித்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்வதே இன்றுதான். டீசல் சத்தத்தில் பின்னால் எதுவும் கேட்கவில்லை. பரிதி கையை ஆட்டி எதையோ விளக்கினான், ப்ரியம்வதா தலையசைத்தாள். சுடர்விழிக்குள் அந்தப் பழைய எரிச்சல் கிளம்பியது. அது போய்விட்டிருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள்.

"என்ன... பேசறாங்க?" என்று ஆனந்தம் கேட்டாள்.

"தெரியலம்மா."

கொஞ்ச தூரம் போனது. பிறகு சுடர்விழி முன் சீட்டின் கம்பியைப் பிடித்து எட்டி, "சத்தமா பேசுங்க, எங்களுக்குக் கேக்கல" என்றாள்.

இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். ப்ரியம்வதா சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரிதி திரும்பி மனைவியைப் பார்த்தான்.

"மூணாவது கியர்ல ஏத்தத்துல கொஞ்சம் திணறுது" என்றான். "பல் கணக்கா, டீசல் பத்தலையான்னு பேசிட்டிருந்தோம்."

"ரெண்டும் இல்ல. ஏர் ஃபில்டர் தூசியில அடைச்சிருக்கும். இன்ஜின் வந்த வேன் செங்கல் சூளையில ஓடினது" என்றாள் சுடர்விழி.

"எறங்கினதும் பாத்துடலாம்" என்று ப்ரியம்வதா கண்ணை எடுக்காமலே சொல்லி, கியரை இறக்கி மேட்டில் ஏற்றினாள்.